ஒரே மேட்ச், இரண்டு கதை: விளையாட்டு ஆவணப்படங்களில் அரசியலை எப்படிப் பார்ப்பது?

1976 ஏப்ரல், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம், சபைனா பார்க் மைதானம். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சை எதிர்கொண்டு இந்தியா முதல் இன்னிங்ஸில் 6 விக்கெட்டுக்கு 306 ரன் எடுத்திருந்தபோது கேப்டன் பிஷன் சிங் பேடி டிக்ளேர் செய்துவிட்டார். ரன் போதும் என்று அவர் நினைக்கவில்லை, இனி உள்ளே அனுப்பினால் பந்துவீச்சாளர்களும் அடிபட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். அன்ஷுமன் கெய்க்வாட் காதில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போயிருந்தார், விஸ்வநாத்தின் விரல் முறிந்திருந்தது, பிரிஜேஷ் படேலின் உதடு கிழிந்திருந்தது. இரண்டாவது இன்னிங்ஸ் 97 ரன்னில் முடிந்தபோது விழுந்த விக்கெட்டுகள் ஐந்துதான், மீதி ஐந்து பேரால் பேட் பிடிக்கவே முடியவில்லை. நம் ஊர் வெங்கட்ராகவனும் அந்த அணியில் இருந்தார்.

இந்த மேட்சைப் பற்றி இந்தியர் ஒருவர் ஆவணப்படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கவாஸ்கர் அதே ஆண்டு வெளிவந்த தன் சுயசரிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, கிங்ஸ்டனில் நடந்தது காட்டுமிராண்டித்தனம் என்று எழுதினார். அப்படியொரு படம் அடிபட்ட உடம்புகளில் தொடங்கும், நடுவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கும், பந்து படும்போதெல்லாம் ஆர்ப்பரித்த கூட்டத்தைக் காட்டும். சரி, அதே மேட்சை ஜமைக்காக்காரர் ஒருவர் எடுத்தால்? அவர் சில மாதம் பின்னால் போவார். ஆஸ்திரேலியாவில் லில்லியும் தாம்ஸனும் வீசிய வேகத்தில் வெஸ்ட் இண்டீஸ் 5-1 என்று நொறுங்கிப்போனது, இனவெறி வசைகளைக் கேட்டுக்கொண்டே அவர்கள் ஆடியது, பிறகு ஊர் திரும்பி போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை நம்பி இறங்கியபோது இந்தியா 403 ரன் இலக்கை எட்டிப்பிடித்து அவமானப்படுத்தியது, அதற்குப் பிறகுதான் கேப்டன் கிளைவ் லாய்ட் இனி வேகம்தான் என்று முடிவெடுத்தது என்று கதை போகும். இரண்டு படத்திலும் பொய் இருக்காது, ஸ்கோர் கார்டும் ஒன்றுதான். ஆனால் பார்த்து முடிக்கும்போது நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பது மாறிவிடும்.

ஆவணப்படத்தின் அரசியல் பார்வை என்று சொல்வது இதைத்தான். கட்சி, தேர்தல், ஓட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிகழ்வில் அதிகாரம் யார் கையில் இருந்தது, அடி வாங்கியவர் யார், யாருடைய கோபம் நியாயமானது, யாருடைய குரலைக் கேட்க வேண்டும் என்பதற்கெல்லாம் எந்தப் படமும் ஒரு பதிலை வைத்திருக்கும். பெரும்பாலும் அதை வாய்விட்டுச் சொல்லாது. எங்கே தொடங்குவது, யாரைப் பேசவிடுவது, எந்தக் காட்சியை வெட்டுவது என்று எடிட்டிங்கில் எடுக்கும் முடிவுகளில்தான் அந்தப் பதில் இருக்கும். விளையாட்டுப் படத்தில் இதைக் கவனிப்பது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் முடிவு நமக்கு ஏற்கெனவே தெரியும், நாம் ஆட்டத்தை ரசிக்கிற மனநிலையில் இருக்கிறோம், யாரோ நம்மிடம் வாதாடுகிறார் என்றே தோன்றாது.

மேலே நான் கற்பனையாகச் சொன்ன ஜமைக்காக்காரர் படத்துக்கு மிக நெருக்கமாக நிஜமாகவே ஒரு படம் இருக்கிறது. 2010-இல் ஸ்டீவன் ரைலி இயக்கிய 'ஃபயர் இன் பாபிலோன்'. 1970கள், 80களின் வெஸ்ட் இண்டீஸ் அணியைப் பற்றியது. இயக்குநர் கரீபியன்காரர் இல்லை, பிரிட்டிஷ்காரர். ஆனாலும் ஒரு முடிவெடுத்தார்: பேசுவது முழுக்க வெஸ்ட் இண்டீஸ் குரல்களாகவே இருக்கட்டும். விவ் ரிச்சர்ட்ஸ், மைக்கேல் ஹோல்டிங், லாய்ட், ஆண்டி ராபர்ட்ஸ் என்று வீரர்கள் பேசுகிறார்கள், ரெகே பாடகர் பன்னி வெய்லர் பேசுகிறார், இடையிடையே கலிப்ஸோ பாட்டு. வழக்கமாக ஒரு பக்கம் பேசினால் மறுபக்கத்தையும் இரண்டு வரி பேசவிட்டுச் சமன் செய்வார்களே, அது இங்கே கிடையாது.

இது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் படத்தின் பெரிய பலமாகப் படுகிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியப் பத்திரிகைகளும் டிவி வர்ணனையாளர்களும் இந்த அணியைப் பற்றி வண்டி வண்டியாகப் பேசியாகிவிட்டது: பயங்கரவாதிகள் போல வீசுகிறார்கள், ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள், பவுன்சருக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று. லில்லியும் தாம்ஸனும் அதையே செய்தபோது அந்த அளவுக்குக் கவலை எழவில்லை. ஒரு பக்கம் பல வருஷமாக மைக் பிடித்துப் பேசி முடித்த பிறகு, இன்னொரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுப்பது அநியாயம் ஆகாது.

அந்தப் படத்தின் மையமே 1976 இங்கிலாந்து தொடர்தான். தொடர் தொடங்கும் முன் இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க் டிவி பேட்டியில், இவர்களை மண்டியிட வைக்கப்போகிறேன் என்ற அர்த்தத்தில் பேசினார். கிரிக்கெட்டில் எதிரணியைச் சீண்டுவது புதிது கிடையாது. ஆனால் பேசியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையர், கேட்டவர்கள் அடிமைகளின் வம்சத்தில் வந்தவர்கள், அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் நிறவெறி அரசின் போலீஸ் கறுப்பின மாணவர்களைச் சுட்டது. ஒரு சாதாரண ஸ்போர்ட்ஸ் நிகழ்ச்சி கிரெய்க்கின் பேட்டியைக் காட்டிவிட்டு, ரிச்சர்ட்ஸ் நான்கு டெஸ்டில் அடித்த 829 ரன்னையும் ஓவலில் ஹோல்டிங் எடுத்த 14 விக்கெட்டையும் போட்டு, 3-0 என்று முடித்துவிடும். இந்தப் படத்தில் அந்தப் பேட்டிக்குப் பின்னால் காலனி ஆட்சி, இங்கிலாந்தில் குடியேறிய கரீபியன் மக்கள் பட்ட அவமானம், கறுப்பர் உரிமை இயக்கம் எல்லாம் நிற்கிறது. அப்புறம் அந்த 14 விக்கெட் வெறும் எண்ணிக்கையாக இருப்பதில்லை.

1983-இல் லாரன்ஸ் ரோ தலைமையில் ஒரு வெஸ்ட் இண்டீஸ் அணி தடையை மீறி, பெரும் பணத்துக்காக, நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனது. போனவர்களுக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டது, 1989-இல்தான் நீக்கினார்கள். ரிச்சர்ட்ஸ் போகமாட்டேன் என்று மறுத்தவர். படத்தில் அவர் நாயகன், போனவர்கள் தவறியவர்கள். நானும் ரிச்சர்ட்ஸ் பக்கம்தான். ஆனால் போனவர்கள் ஏன் போனார்கள் என்பது இன்னும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டிய கேள்வி. அன்றைய வெஸ்ட் இண்டீஸ் அணியில் வேகப்பந்து வீச்சாளர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள், எவ்வளவு திறமை இருந்தாலும் பலருக்கு இடமே கிடைக்காது, கிரிக்கெட்டில் சம்பாத்தியமும் பெரிதாக இல்லை, ஊரில் வேலையும் இல்லை. திரும்பி வந்த பிறகு சிலருடைய வாழ்க்கையே சிதைந்துபோனது. வெற்றிக் கதையாக எடுக்கப்படும் படத்தில் இவர்களுக்கு நிறைய இடம் கொடுத்தால் கதையின் வேகம் குறையும்.

இன்னொரு இடைவெளி நமக்கு இன்னும் நெருக்கமானது. கயானாவிலும் டிரினிடாடிலும் மக்கள்தொகையில் பெரும்பங்கு இந்திய வம்சாவளியினர். 1838-இலிருந்து கல்கத்தா, மெட்ராஸ் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி, அதில் தமிழர்களும் உண்டு. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியாவிடம் அடி வாங்கிய மூன்று சுழல்வீரர்களில் இருவர், ரஃபிக் ஜுமதீனும் இம்தியாஸ் அலியும், இந்த வம்சாவளியினர். வேகத்துக்கு மாறிய அணியில் இந்த மாதிரி வீரர்களுக்கு இடம் சுருங்கியது. அணியின் வெற்றியைக் கறுப்பின எழுச்சியாகச் சொல்வது உண்மை, மிக முக்கியமான உண்மை. ஆனால் அதே மண்ணில் கரும்பு வெட்டிய இன்னொரு கூட்டத்தின் பிள்ளைகள் அந்த எழுச்சிக் கதையில் எங்கே நிற்கிறார்கள் என்பதை இந்தப் படம் பெரிதாகத் தொடவில்லை. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் படத்திலும் யாராவது ஃபிரேமுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்கள்.

கதை எங்கே தொடங்குகிறது என்பது மிக முக்கியம் என்று சொன்னேன். அதற்கு எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த உதாரணம் 2016-இல் எஸ்ரா எடெல்மன் எடுத்த 'ஓ.ஜே.: மேட் இன் அமெரிக்கா'. மொத்தம் 467 நிமிடம், ஏழே முக்கால் மணி நேரம். கறுப்பினத்தவரான அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு பற்றிய படம் என்று நினைத்து உட்கார்ந்தால் கொலை வரவே வெகுநேரம் ஆகும். முன்னால் வருவது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கதை: கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் 1965-இல் வெடித்த கலவரம், 1991-இல் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் அடித்தது, அடித்தவர்கள் விடுதலையானதும் 1992-இல் நகரம் எரிந்தது. 1994-இல் நடந்த கொலையிலிருந்து தொடங்கியிருந்தால் 1995-இல் வந்த விடுதலைத் தீர்ப்பு வெறும் அநீதியாகத் தெரியும். 1965-இலிருந்து வந்தால், தீர்ப்பு சரியா தவறா என்பதைத் தாண்டி, கறுப்பினத்தவர்கள் ஏன் அந்தப் போலீஸ் சொன்ன எதையும் நம்பத் தயாராக இல்லை என்பது விளங்கும்.

இப்போது நேர் எதிர்முனைக்கு வருவோம். பெர்லின், 1936. லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த 'ஒலிம்பியா'. சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஃபிலிமில் படம்பிடித்து, எடிட் செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு, 1938 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளன்று இரண்டு பாகமாக வெளியிட்டார்கள். பணம் நாஜி அரசின் பணம், அதை மறைப்பதற்காகத் தனி நிறுவனம் ஒன்றைப் பெயருக்கு நிறுவியிருந்தார்கள். பின்னாளில் இயக்குநர், நான் சுதந்திரமாக எடுத்தேன் என்றே சாதித்தார்.

தொழில்நுட்பத்தில் இன்றைக்கும் அசரவைக்கும் படம் அது. தாண்டுபவர்களை வானத்தோடு காட்ட மண்ணில் குழி தோண்டி கேமரா வைத்தார்கள், ஓடுபவர்களோடு தண்டவாளத்தில் கேமராவை ஓட்டினார்கள். இன்றைய நேரடி ஒளிபரப்பு வரை அதன் பாதிப்பு இருக்கிறது. கம்பு ஊன்றித் தாண்டும் போட்டி இருட்டில் முடிந்ததால், வீரர்களை மறுபடி அழைத்துத் தாண்டவைத்துப் படம்பிடித்தார்கள். பார்க்கிறவருக்கு அது தெரியாது.

முதலில் பார்க்கும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதில் ஜெஸ்ஸி ஓவன்ஸை அவ்வளவு அழகாகக் காட்டியிருக்கிறார்களே, நான்கு தங்கம் வென்ற கறுப்பின வீரரைக் கொண்டாடும் படம் எப்படி நாஜிப் படம் ஆகும்? நியாயமான கேள்விதான். அந்த ஒலிம்பிக்கின் நோக்கமே உலகத்தின் முன் ஜெர்மனியை நாகரிகமான, அமைதியான, விருந்தோம்பல் மிக்க நாடாகக் காட்டுவது. அதற்காக யூத எதிர்ப்புப் பலகைகளைத் தற்காலிகமாகக் கழற்றினார்கள். ஓவன்ஸைக் கண்ணியமாகக் காட்டும் படம் அந்த நோக்கத்துக்கு இடைஞ்சல் இல்லை, உதவிதான். படத்தின் பொய்யைத் தேட வேண்டிய இடம் வேறு. ஜெர்மனியின் தேசிய சாதனையான 1.60 மீட்டரைச் சமன் செய்த உயரம் தாண்டும் வீராங்கனை கிரேடெல் பெர்க்மன், யூதர் என்பதால், போட்டி தொடங்குவதற்குச் சில வாரம் முன் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஜூலை 16 அன்று பெர்லினிலிருந்த ரோமா (ஜிப்ஸி) மக்களைப் பிடித்து மார்ட்சான் என்ற முகாமில் அடைத்தார்கள். எதுவும் படத்தில் இல்லை. கிரேக்கச் சிலை உயிர்பெற்று ஜெர்மன் வீரனாகும் தொடக்கக் காட்சி இருக்கிறது. அழகு, உடல்வலிமை, பழம்பெருமை எல்லாம் சேர்ந்து பெர்லினில் வந்து முடிகிறது.

கூடவே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், ஓவன்ஸ் ஊர் திரும்பியபோது வெள்ளை மாளிகையிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஹிட்லரை ஓவன்ஸ் தோற்கடித்த கதையை மட்டும் சொல்லி முடிக்கும் அமெரிக்கப் படங்களிலும் இதே கவனம் வேண்டும்.

அதே படத்தில் மாரத்தான் பகுதி தனியாகவே பார்க்கத் தகுந்தது. ஓடுபவரின் நிழல், தளரும் கால்கள், சாலையோர மரங்கள். வென்றவர் ஜப்பான் வீரர் என்று படம் சொல்கிறது. அவர் உண்மையில் கொரியர், சோன் கீ-ஜோங். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால் ஜப்பான் சட்டையில், ஜப்பானிய உச்சரிப்பில் பதிவான பெயரில் ஓட வேண்டியிருந்தது. மேடையில் ஜப்பான் கீதம் ஒலித்தபோது அவரும் மூன்றாவதாக வந்த இன்னொரு கொரியர் நாம் சுங்-யோங்கும் தலையைக் குனிந்து நின்றார்கள். தோங்கா இல்போ என்ற கொரியப் பத்திரிகை அவர் நெஞ்சிலிருந்த ஜப்பான் கொடியை அழித்துவிட்டுப் படத்தை அச்சிட்டது, அதற்காகப் பத்திரிகையாளர்கள் கைதானார்கள், பத்திரிகையும் மாதக்கணக்கில் முடக்கப்பட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். நாஜிகளின் பணத்தில், ஜப்பானின் பெருமைக்காகப் பதிவான சில நிமிடங்கள், ஒரு அடிமை நாட்டுக்காரனின் துக்கமாக மாறிவிடும். எடுத்தவரின் நோக்கம் பார்ப்பவரை முழுதாகக் கட்டிப்போட முடியாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜோதியை ஏந்தி மைதானத்துக்குள் ஓடிவந்த முதியவர் இதே சோன்தான்.

அரசு பணம் கொடுத்தால் எல்லாப் படமும் 'ஒலிம்பியா' ஆகிவிடுமா? ஆகாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கான அதிகாரபூர்வப் படத்தை எடுத்தவர் கோன் இச்சிகாவா. போரில் தோற்ற நாடு எழுந்து நின்றதைக் கம்பீரமாகக் காட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவருடைய 'டோக்கியோ ஒலிம்பியாட்' பழைய கட்டடங்களை இரும்புக் குண்டு இடித்துத் தள்ளுவதைத் தொடக்கத்திலேயே காட்டுகிறது. ஜோதி ஹிரோஷிமா வழியாக வருகிறது. வென்றவர்களைவிட்டு விலகி, அப்போது சுதந்திரம் பெற்று நான்கே வருஷமான சாட் நாட்டிலிருந்து வந்த ஓட்டக்காரர் அகமது இசா தனியாகச் சாப்பிடுவதையும் தெருவில் நடப்பதையும் பின்தொடர்கிறது. ஒலிம்பிக் பொறுப்பு அமைச்சர் கோனோ இச்சிரோ எரிச்சலானார், இது ஆவணமா கலையா என்று நாடு முழுக்க விவாதம் நடந்தது. அந்த எரிச்சலே நமக்கு ஒரு தடயம்: பணம் கொடுத்தவர் எதிர்பார்த்தது என்ன, இயக்குநர் கொடுத்தது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்தக் காலத்தில் அரசுகளின் இடத்தில் பெரும்பாலும் நட்சத்திரங்களும் கிளப்புகளும் இருக்கிறார்கள். 2020-இல் லாக்டவுன் சமயத்தில் எல்லாரும் பார்த்த 'தி லாஸ்ட் டான்ஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-98 சீசனில் சிகாகோ புல்ஸ் அணியோடு கூடவே இருந்து எடுத்த காட்சிகள்தான் அதன் உயிர். மைக்கேல் ஜோர்டன் சம்மதிக்காமல் அவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்பது ஒப்பந்தம், தயாரிப்பில் அவருடைய நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. 1990-இல் வட கரோலினாவில் ஹார்வி காண்ட் என்ற கறுப்பின வேட்பாளர், இனவாதத்துக்குப் பேர்போன ஜெஸ்ஸி ஹெல்ம்ஸை எதிர்த்து செனட் தேர்தலில் நின்றபோது ஜோர்டன் வெளிப்படையாக ஆதரிக்கவில்லை. குடியரசுக் கட்சிக்காரர்களும் ஷூ வாங்குகிறார்களே என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் நெடுங்காலம் உலவியது. தொடர் இதை ஒளிக்கவில்லை, ஒபாமாவையே அதைப் பற்றிப் பேசவைக்கிறது. ஆனால் கடைசி வார்த்தை ஜோர்டனுடையது: நண்பர்களிடம் விளையாட்டாகச் சொன்னது, பணம் அனுப்பினேன், நான் போராளி இல்லை, ஆட்டக்காரன். அத்துடன் அந்தப் பகுதி முடிந்து மறுபடி பந்து பறக்கிறது. கூட ஆடிய ஸ்காட்டி பிப்பனுக்குத் தொடர் மொத்தமாகவே கசந்தது, அடுத்த வருஷம் தன் புத்தகத்தில் கொட்டித் தீர்த்தார். நம் பக்கம் 2019-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் பற்றி வந்த 'ரோர் ஆஃப் தி லயன்' தொடரைப் பார்க்கும்போதும் இதை நினைவில் வைக்கலாம். இரண்டு வருஷத் தடையின் வலி அதில் அணியின் வலியாகவும் ரசிகர்களின் வலியாகவும் வருகிறது. அந்தத் தடைக்குக் கொண்டுபோன சூதாட்ட விசாரணையை நடத்தியவர்களின் பார்வையில் எடுத்தால் அது வேறு படம்.

பழைய காட்சிகளின் உரிமை யாரிடம் என்பதும் அரசியல்தான். ஒலிம்பிக் காட்சிகள் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் சொத்து, மற்றப் பெரிய போட்டிகளிலும் வாரியங்களோ ஒளிபரப்பாளர்களோதான் உரிமையாளர்கள். அவர்களையே விமர்சிக்கும் படம் எடுப்பவர் அவர்களிடமே போய் உரிமம் கேட்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும்.

பேசுபவர் யார் என்பதற்கு 'ஒன்ஸ் பிரதர்ஸ்' பாருங்கள். யூகோஸ்லாவியா என்ற நாடு இருந்தபோது ஒரே கூடைப்பந்து அணியில் ஆடிய செர்பியர் விளாடே டிவாட்ஸ், குரோஷியர் டிராஜென் பெட்ரோவிச் இருவரின் நட்பு உடைந்த கதை. 1990-இல் உலகக் கோப்பையை வென்ற கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் குரோஷியக் கொடியோடு ஓடிவர, டிவாட்ஸ் அதைப் பிடுங்கினார். அடுத்த வருஷம் போர். 1993-இல் பெட்ரோவிச் கார் விபத்தில் இறந்துவிட்டார், சமாதானம் ஆகவே இல்லை. படம் முழுக்க டிவாட்ஸின் குரலில் நகர்கிறது, பெட்ரோவிச்சின் அம்மாவைப் போய்ச் சந்திக்கிறார், கல்லறைக்குப் போகிறார். மனதைப் பிசையும் படம், அவர் துக்கம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் கொடியைப் பிடுங்கியதை நாட்டின் ஒற்றுமைக்காகச் செய்தேன் என்று அவர் சொல்லலாம், அது தனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல மறுபக்கத்து நண்பன் உயிரோடு இல்லை.

அப்படியானால் எல்லாமே பிரச்சாரம்தானா என்று கேட்கக்கூடாது. பார்வை இருப்பது வேறு, பிரச்சாரம் வேறு. 'ஃபயர் இன் பாபிலோன்' தான் எங்கே நிற்கிறது என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே நமக்குத் தெரியவைத்துவிடுகிறது, நாம் மறுத்து வாதாட முடிகிறது. 'ஒலிம்பியா' தான் எங்கேயும் நிற்கவில்லை, அழகை மட்டும் காட்டுகிறேன் என்கிறது. விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொல்லித் தொடங்கும் படத்தைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் கிரிக்கெட் படத்திலிருந்தே தொடங்கலாம், ஆட்டம் தெரியும் என்பதால் படம் எதைச் சேர்த்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். முடிந்ததும் கவாஸ்கரின் கிங்ஸ்டன் அத்தியாயத்தைப் படியுங்கள். பிறகு பெர்லினையும் டோக்கியோவையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம், இரண்டிலும் மாரத்தானை மட்டும் ஒப்பிட்டாலே போதும், நிறைய பிடிபடும். ஓ.ஜே. படத்துக்கு மட்டும் ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். முதல் பகுதி நீளம் என்று தாண்டிப்போனால், தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் ஒரு கூட்டம் துள்ளிக் குதிப்பதும் இன்னொரு கூட்டம் உறைந்து நிற்பதும் ஏன் என்று பிடிபடாது.